கோட்டுக்குக் கீழே ஏழு வரி

அவளுடைய கத்தியின் கைப்பிடியில் 17 என்று சூடு போட்டு எழுதியிருக்கும். அதனால் அவள் பெயரே பதினேழு ஆகிவிட்டது. வேறு பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் மீன் வெட்டும் கூடத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நாற்பதைத் தாண்டியவள். குட்டை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே தடிமனான கை. இடது கையால் மீனைக் கண்ணுக்குப் பின்னால் அழுத்திப் பிடிப்பாள், வலது கையால் ஒரே வெட்டு. சில மீன்கள் உயிரோடுதான் மேசைக்கு வரும். தலை தனியாக வாளியில் விழுந்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருக்கும். "என்ன முணுமுணுக்கிற? திட்டணும்னா சத்தமா திட்டு" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

நான் அங்கே சேர்ந்த மூன்றாம் நாள் என் கட்டைவிரலை எலும்பு தெரிய வெட்டிக்கொண்டேன். பதினேழுதான் ஓடிவந்து தன் ஏப்ரனின் கயிற்றை அறுத்து விரலை இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னாள்: "இவளைக் கத்திகிட்ட விட்டா சாயங்காலத்துக்குள்ள பத்து விரலும் வாளியில கிடக்கும். ரெண்டு பாஷை படிச்ச பொண்ணாம். அந்தப் பெட்டி மேல ஏத்தி நிக்க வைங்க. ஏதாவது வாசிக்கட்டும். அவ கூடையை நாம நிரப்பலாம்."

அப்படித்தான் வாசிப்பு ஆரம்பமானது. நாற்பது பெண்கள் ஆளுக்கு இரண்டு மீன் கூடுதலாக வெட்டி என் கூடையில் போட்டார்கள். நான் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் நின்று வாசித்தேன். வாசிப்பு நடந்தால் வாய்ச்சண்டை குறையும் என்று சூப்பர்வைசர் நினைத்தார். பாவம்.

முதலில் செய்தித்தாள் வாசித்தேன். "இதைத்தான் வீட்டிலயே பார்க்கிறோமே" என்றார்கள். கதை வாசித்தேன். "நாளைக்கு என்ன ஆச்சுன்னு மண்டை காயுது. ராத்திரி தூக்கம் போச்சு" என்றார்கள். கடைசியில் கவிதைக்கு வந்தோம். "இதுதான் சரி. சட்டுனு குத்திட்டுப் போயிடுது" என்று பதினேழு தீர்ப்புச் சொன்னாள். காதல், கடவுள், உண்மை, இந்த மூன்றையும் தவிர வேறு எதைப் பற்றிய கவிதையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நிலவைப் பற்றி ஒன்று வாசித்தபோது ஒரு கிழங்கா மீனின் குடல் என் பூட்ஸ் மேல் வந்து விழுந்தது.

அவர்களாகவே விதிகளை வைத்துக்கொண்டார்கள். கவிதை பிடித்தால் கத்தியின் கைப்பிடியால் மேசையைத் தட்ட வேண்டும். நாற்பது கைப்பிடிகள் ஒன்றாகத் தட்டினால் தகரக் கூரை அதிரும். ஒரு வரி பொய் என்று பட்டால் கத்தியை மேசையில் குத்தி நிறுத்த வேண்டும். குத்தினால் நான் வாசிப்பை நிறுத்த வேண்டும். குத்தியவள் காரணம் சொல்ல வேண்டும். காரணம் மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அடிதடி.

அடிதடி என்பது சும்மா சொல்லவில்லை. 'மன்னிப்பதே காதலின் கடைசிப் படி' என்று ஒரு வரி. கைப்பிடிகள் தட்டின. எட்டாம் நம்பர்க்காரி மட்டும் கத்தியைக் குத்தினாள். அவள் கணவன் வேறு ஒருத்தியோடு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. "உனக்கு மன்னிக்கத் தெரியாது, அதான் ஓடிப்போனான்" என்றாள் எதிரில் நின்றவள். அடுத்த நொடி ஒரு மீன் தலை பறந்து அவள் கண்ணில் பட்டது. பிறகு இருவரும் குடலும் ரத்தமும் வழுக்கும் தரையில் உருண்டார்கள். எட்டாம் நம்பர்க்காரியின் காது மடல் கிழிந்து நான்கு தையல் போட்டார்கள். மறுநாள் இருவரும் ஒரே மேசையில் நின்றார்கள். "அந்த வரியை இன்னொரு தரம் வாசி டீச்சர். நேத்து சரியா காதுல விழல" என்றாள் தையல் போட்டவள். சிரித்ததில் தையல் பிரிந்தது.

இன்னொரு பழக்கம் இருந்தது. அதை விதி என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விதிகளைவிட அது பலமாக இருந்தது. தினமும் பகலில் ஐஸ் லாரி வரும். ஷட்டருக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்கும். ஹாரன் கேட்டதும் எல்லாம் நிற்கும், வாசிப்பும்தான். அடுத்த நாற்பது நிமிடம் ஐஸ் இறக்கி மீனை அடுக்கும் வேலை. எந்த வரியில் ஹாரன் அடித்ததோ அதுவே அன்றைய ஹாரன் வரி. கவிதை அதோடு முடிந்தது, மீதியை வாசிக்கக் கூடாது. நடுவில் நின்றது என்றால் அங்கே நிற்க வேண்டும் என்று மேலே யாரோ நினைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மனதில் ஒரு கேள்வியோடு வருகிறவள் ஹாரன் வரியைப் பதிலாக எடுத்துக்கொள்வாள். ஒருத்தி மகளுக்கு வந்த சம்பந்தத்தை ஹாரன் வரி கேட்டு முறித்தாள். ஒருத்தி கர்ப்பப்பையை எடுக்க ஒப்புக்கொண்டாள். நான் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

பதினேழு இதையெல்லாம் நம்பவில்லை. "ஐஸ் லாரிக்காரன் என்ன கடவுளா? டீ குடிச்சுட்டு வந்தா ஒரு வரி, குடிக்காம வந்தா ஒரு வரி" என்பாள். ஆனால் அவள் தங்கை நம்பினாள்.

தங்கையை எல்லோரும் சின்னது என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காளுக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு பதினேழுதான் அவளைத் தூக்கி வளர்த்தாள். பதினேழின் கணவன் கல்யாணமான இரண்டாம் வருடம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். "நல்ல மனுஷன். ஒரு நாள்கூட அடிச்சதில்ல. அதுக்குள்ள போயிட்டான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சின்னதுக்கு எல்லாக் கவிதையும் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் கைப்பிடியை மெதுவாகத் தட்டுவாள். ஒருநாளும் கத்தியைக் குத்தியதில்லை.

அவள் கணவன்தான் ஐஸ்காரன். லாரியை ஓட்டுவதும் அவன்தான், பாளங்களை இழுத்துப் போட்டு நீளக் கம்பியால் உடைப்பதும் அவன்தான். கூடத்தில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். யாருக்காவது கனமான கூடை என்றால் ஓடிவந்து கை கொடுப்பான். என்னை 'டீச்சர்' என்று தலையைக் குனிந்து கூப்பிடுவான். சின்னதின் விலா எலும்பு இரண்டை உடைத்ததும் அவன்தான். ஐஸ் சுமக்கும் இடுக்கியால் ஒருமுறை, வெறுங்காலால் ஒருமுறை. இரண்டாவது முறைக்குப் பிறகு பதினேழு போய்த் தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அது நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் அவன் தினமும் ஐஸோடு வந்து, பாளத்தை உடைத்துக்கொண்டே மனைவியைப் பார்ப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். கண் மட்டும் கலங்கியிருக்கும்.

"அழுறான்க்கா" என்பாள் சின்னது.

"ஐஸ் தெறிச்சிருக்கும். வேலையைப் பாருடி."

"உனக்கு இரக்கமே இல்ல."

"இருக்கு. உன் விலா எலும்பு மேல இருக்கு. மூணாவது உடைஞ்சா நுரையீரல்ல குத்தும்னு டாக்டர் சொன்னாரு. உனக்கு ஞாபகம் இருக்கா? இல்ல அதையும் கவிதையில எழுதி வாசிச்சாத்தான் மண்டையில ஏறுமா?"

அந்த வாரம் நான் வேற்று மொழிப் புத்தகம் ஒன்றிலிருந்து வாசித்தேன். ஒரு பெண் எழுதிய கவிதைகள். அவள் காதலனிடம் பேசுகிறாளா கடவுளிடம் பேசுகிறாளா என்று கடைசிவரை தெரியாது. வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, ஒரு தாளில் எழுதி, புத்தகத்துக்குள் ஒட்டி எடுத்து வருவேன். அன்று வாசித்தது இது:

என்னை அடித்த கையை
இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அணைத்த கையும் அதுவேதான்.
ரேகைகள்கூட மாறவில்லை.
ஆகையால் எழுந்தேன்.
கதவைத் திறந்துவைத்தேன்.

ஹாரன் அடித்தது.

 ஒவ்வொன்றாகக் கைப்பிடிகள் தட்ட ஆரம்பித்தன. ஒருத்தி கையுறையோடே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் செதில். "கடவுளும் அப்படித்தானே. அடிக்கிறதும் அவரு, அணைக்கிறதும் அவரு" என்றாள் எட்டாம் நம்பர்க்காரி.

பதினேழின் கத்தி மேசையில் குத்தி நின்றது. "பொய்!" என்று கத்தினாள். "அடிக்கிற கை அடிக்கிற கைதான். அதுல ரேகை பார்க்கிறவ பைத்தியக்காரி."

"அக்கா, ஹாரன் அடிச்சாச்சு. இனிமே குத்தக் கூடாது" என்றார்கள்.

சின்னது மட்டும் தட்டவில்லை. கத்தியைத் துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டு, ஷட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மனதில் என்ன கேள்வி இருந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கவிதையில் இன்னும் ஏழு வரி இருந்தது. எனக்குத் தெரியும். பெட்டி மேலிருந்து இறங்கி, பென்சில் கோட்டைப் போட்டு, புத்தகத்தை மூடினேன். விதி அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

அன்று வேலை முடிந்ததும் சின்னது, வாசலில் காத்திருந்த ஐஸ் லாரியில் ஏறிப் போய்விட்டாள். பதினேழு லாரியின் பின்னால் ஓடி அதன் பக்கப் பலகையைப் பிடித்துத் தொங்கினாள். முப்பது அடி இழுத்துக்கொண்டு போய் லாரி அவளை உதறியது. இரண்டு முழங்காலிலும் தோல் போயிருந்தது. எழுந்து நின்று, கையில் அகப்பட்ட கல்லை எடுத்து வீசினாள். பின்கண்ணாடி நொறுங்கியது. லாரி நிற்கவில்லை.

மறுநாள் சின்னது வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் மட்டும் ஐஸோடு வந்து போனான், பதினேழு கோபத்தில் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பதினேழு திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள். தன் பூட்ஸையே குனிந்து பார்த்தாள். பிறகு ஷட்டரைப் பார்த்தாள். அவள் மேசை ஷட்டரை ஒட்டியது. லாரி இன்னும் வரவில்லை, ஷட்டருக்கு அடியில் தரை காய்ந்திருந்தது.

"டீச்சர், இறங்கு" என்றாள். என்னைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள். பிடித்த இடத்தில் எனக்குக் கன்றிப்போனது.

"அன்னைக்கு நீ அந்தக் கை கவிதையை வாசிக்கிறப்போ என் பூட்ஸ் நனைஞ்சிருந்தது."

"தினமும் நனையுமே அக்கா."

"ஹாரனுக்கு அப்புறம் நனையும். ஷட்டரைத் தூக்கி, ஐஸை இறக்கினப்புறம். அன்னைக்கு நீ வாசிக்க ஆரம்பிக்கிறப்பவே ஷட்டருக்கு அடியில தண்ணி வந்துட்டிருந்தது. காலை நகர்த்தி வெச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஐஸ் கரைஞ்சு அவ்வளவு தண்ணி வரணும்னா லாரி எவ்வளவு நேரம் நின்னிருக்கணும்?"

நான் திரும்பி ஷட்டரின் அடி விளிம்பைப் பார்த்தேன். 

"இன்ஜினை நிறுத்திட்டு, ஷட்டர்ல காதை வெச்சுக் கேட்டுட்டு நின்னிருக்கான்.  அவனுக்கு வேண்டிய வரி வர்ற வரைக்கும். வந்ததும் போய் அழுத்திட்டான்." அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கோட்டுக்குக் கீழே இன்னும் எழுத்து இருந்துச்சே. அன்னைக்கு நீ மூடுறப்போ பார்த்தேன். அதுல என்ன இருக்கு?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் மீதி ஏழு வரியையும் வாசித்தேன். அவள் கேட்டாள். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். காது அடைத்துப்போனது.

"இதை அன்னைக்கே வாசிக்க உனக்கு என்னடி கேடு?"

விதி என்று நான் சொல்லவில்லை. 

ஹாரன் அடித்தது. ஷட்டர் ஏறியது. ஐஸ்காரன் குனிந்து உள்ளே வந்தான்.

"மாப்பிள்ளை, என் தங்கச்சி எங்க?" என்று கேட்டாள் பதினேழு.

"காய்ச்சல்க்கா. படுத்திருக்கா." குரல் தேனாக இருந்தது. வலது கையின் முட்டிகள் நான்கும் வெடித்துக் காய்ந்திருந்தன.

பதினேழு அதைப் பார்த்தாள். "சரி, நல்லா பார்த்துக்கோ" என்றாள். கத்தியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். பின்வாசல் வழியாக வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். இடுப்பில் கத்தி தீட்டும் இரும்புக் கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கத்தி எடுக்கலையா அக்கா?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"எடுத்தா வெட்டிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அவன் ஐஸ் இறக்க நாற்பது நிமிஷம் ஆகும். புத்தகம் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன்.

அந்த வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரே அறை. படிக்கட்டுச் சுவரில் தோள்கள் உரசி உரசிச் சுண்ணாம்பு போயிருந்தது. கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டியிருந்தான். கதவுக்கடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

"ஏய்! உள்ள இருக்கியா?"

சற்று நேரம் கழித்து மிக அருகில் சத்தம் கேட்டது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் போல. "போக்கா. அவர் வந்துடுவார்." வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல வார்த்தைகள் குழறின.

"வாயில என்னடி?"

"ஒண்ணுமில்ல. பல்லு."

பதினேழு கதவை ஓங்கி உதைத்தாள். எதிர் வீட்டுக் கதவு திறந்து, ஒரு முகம் பார்த்து, உடனே மூடிக்கொண்டது.

"வெளிய வந்துடு. பூட்டை உடைக்கிறேன்."

"வேண்டாம். நான் வரமாட்டேன். நான் கேட்டேன், பதில் வந்துச்சு. நீயும் கேட்டல்ல. எனக்குன்னு வந்த வரிக்கா அது."

"அது பாதிதான்டி! மீதி இருக்கு. டீச்சர், சொல்லு அவளுக்கு."

"நீ சொல்லச் சொல்லியிருப்ப. அவங்க உனக்காக எதையாவது கட்டி எழுதியிருப்பாங்க."

அப்போதுதான் நான் முதல்முறையாக என் சொந்தப் புத்தியில் ஒன்று செய்தேன். மண்டியிட்டு, புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து, கதவுக்கடியில் தள்ளினேன். பாதி போய் மாட்டியது. உள்ளேயிருந்து அவள் இழுத்துக்கொண்டாள்.

"பென்சில் கோடு தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது."

"அது ஹாரன் அடிச்ச இடம். அன்னைக்கே போட்டது. கோட்டுக்குக் கீழே பாருங்க. மேல இருக்கிற அதே தாள், அதே மை. நேத்து எழுதினது இல்ல. வாசிங்க."

சின்னதுக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி, உடைந்த பல்லில் காற்றுப் போக, வாசித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் பதினேழு நெற்றியைப் பலகையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் இருந்தது.
வெயிலுக்குக் கைகள் இல்லை.
தொட்டது. வலிக்கவில்லை.
அப்போதுதான் தெரிந்தது,
இத்தனை நாள் நான் கும்பிட்டது உன்னை அல்ல,
என் பயத்தை.
கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகிறேன்.

உள்ளே தாளை விரலால் தடவும் சத்தம் கேட்டது. "ஆனா ஹாரன் அதுக்கு முன்னாடியே அடிச்சிடுச்சே" என்றாள். குழந்தை மாதிரி இருந்தது குரல்.

பதினேழு தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், பூட்ஸ் எப்போது நனைந்தது, காலை எங்கே நகர்த்தி வைத்தாள் என்று மட்டும் சொன்னாள்.

"அன்னைக்கு லாரியில ஏறினதும் அந்த வரியை அவர் எனக்குச் சொன்னார்" என்றாள் சின்னது. "அடிச்ச கையும் அணைச்ச கையும் ஒண்ணுன்னு. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். நான் எங்க கேட்டேன், இன்ஜின் சத்தத்துல என்ன கேட்கும், எனக்குள்ள தானா வந்ததுன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. கடவுளே ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்கார்னு நினைச்சேன்." நிறுத்தினாள். "அக்கா."

"என்னடி."

"உடை."

பதினேழு இடுப்பிலிருந்த இரும்புக் கம்பியை உருவித் தாழ்ப்பாளுக்கும் மரத்துக்கும் நடுவில் செருகி இழுத்தாள். பழைய மரம், ஆனால் திருகாணிகள் நீளமானவை. ஒன்று கழன்றது. இரண்டாவது பாதி வந்தபோது கீழே படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியும் சத்தமாக, அவசரம் இல்லாமல்.

அக்காள் எங்கே என்று அவன் கேட்டிருக்கிறான். உங்க வீட்டுக்குத்தான் போயிருப்பா, பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே என்று எட்டாம் நம்பர்க்காரி நல்ல மனதோடு சொல்லியிருக்கிறாள்.

படி திரும்பும் இடத்தில் வந்து நின்றான். கையில் ஐஸ் உடைக்கும் கம்பி. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது புருஷன் பொண்டாட்டி விஷயம். கையை எடுங்க."

பதினேழு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மேலே வந்து, என்னை ஒரு கையால் தள்ளினான். தலை சுவரில் மோதியது. எழுந்திருக்கப் பார்க்கும்போது அவன் கம்பியை ஓங்கியதைக் கண்டேன். பாளத்தைக் குத்துவது போலவே குத்தினான். இரும்பைப் பிடித்திருந்த அவளுடைய வலது கையில் இறங்கிய கம்பி மறுபுறம் வந்து, கதவு நிலையில் ஏறி நின்றது.

அவள் கத்தவில்லை. ஒரு மூச்சு மட்டும் உள்ளே போனது. ஆனால் இரும்பை விடவில்லை. குத்தப்பட்ட கையோடேயே, உடம்பின் கனம் முழுவதையும் பின்னால் சாய்த்து, இன்னொருமுறை இழுத்தாள். சதை கிழிகிற சத்தமும் திருகாணி கழன்ற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தாழ்ப்பாள் தரையில் விழுந்தது.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. சின்னது நின்றாள். ஒரு கண் மூடிப்போய், முகத்தின் பாதி ஊதா நிறத்தில் இருந்தது. கையில் இஸ்திரிப் பெட்டி.

"உள்ள போ" என்றான் அவன், அவளைப் பார்த்துப் புன்னகைத்து. ஒருவேளை உண்மையிலேயே அவள் போய்விடுவாள் என்று நினைத்திருப்பான்.

முதல் அடி தாடையில் விழுந்தது. அவன் ஒரு காலைப் பின்னால் வைத்தான். அங்கே தரை இல்லை. பின்பக்கமாக உருண்டு, சுவரில் மோதி, படி திரும்பும் இடத்தில் ஒரு கால் உடம்புக்கடியில் மடங்கிக் கிடந்தான். சின்னது இறங்கிப் போனாள். இரண்டாவது அடி தேவையில்லாதது. அடித்தாள். மூன்றாவதும் அடித்தாள். அவன் பற்கள் இரண்டு படியில் தெறித்து விழுந்தன. நான் பிடித்து இழுக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

"போதும்டி" என்று மேலேயிருந்து பதினேழு சொன்னாள். கை இன்னும் கதவு நிலையோடு சேர்ந்திருந்தது. முகம் வெளிறி, உதடு மட்டும் சிரிக்கப் பார்த்தது. "செத்துட்டான்னா உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. மேல வந்து இதைப் பிடுங்கு. எனக்கு இடது கையில வராது."

அவன் சாகவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த போலீஸ்காரர், "என்னம்மா தகராறு?" என்று கேட்டார். "கவிதைத் தகராறு சார்" என்றாள் பதினேழு. அவர் எழுதாமல் அவளையே பார்த்தார். "எழுதுங்க சார். பாதி கவிதையை அவன் திருடிட்டான். மீதியை வாங்கப் போனோம்." வழக்கு இன்னும் நடக்கிறது. சின்னது அக்காள் வீட்டில்தான் இருக்கிறாள்.

பதினேழின் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கத்தி நழுவியது. நான்கு நாள் முயன்று பார்த்தாள். ஐந்தாம் நாள் கத்தியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். நாற்பது பேரும் பேசாமல் தங்கள் மீனிலிருந்து இரண்டிரண்டு அவள் கூடையில் போட்டார்கள். "எனக்கு வாசிக்கவும் தெரியாது. எதுக்குடி பிச்சை போடுறீங்க?" என்று கூடையை எட்டி உதைத்தாள். மீன்கள் தரையெங்கும் சிதறின. சூப்பர்வைசர் கடைசியில் அவளை ஷட்டரில் நிறுத்தினார். ஏற்றவும் இறக்கவும் இடது கை போதும்.

17 என்று சூடு போட்ட கத்தியைச் சின்னது எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கூடம் திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. ஹாரன் வரியை இன்னும் நம்புகிறார்கள். புது ஐஸ் லாரிக்காரர் வந்த முதல் நாள், நான் ஒரு கவிதையின் நடுவில் இருந்தேன். ஹாரன் அடித்தது. பெண்கள் வழக்கம்போலக் கத்தியைக் கீழே வைத்தார்கள். நானும் பென்சிலை எடுத்தேன்.

பதினேழு ஷட்டரை இரண்டடி தூக்கி, குனிந்து வெளியே போனாள். இரும்புக் கம்பி லாரியின் கதவில் இறங்கிய சத்தம் உள்ளே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நிறுத்துடா! முடியல இன்னும்!"

"என்னம்மா முடியல? ஐஸ் கரையுது!"

"கரையட்டும்." குனிந்து உள்ளே என்னைப் பார்த்தாள். "டீச்சர், இன்னும் எத்தனை?"

"மூணு வரி அக்கா."

"மூணு வரிடா! காதை வேணா வெச்சுக் கேளு. ஆனா கையை ஹாரன்ல வெச்ச, முறிச்சுடுவேன்."

பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகினேன். ஷட்டருக்கடியில் ஐஸ் தண்ணீர் உள்ளே ஓடிவந்து பூட்ஸ்களைத் தொட்டது. மூன்று வரியையும் வாசித்தேன். உண்மையைச் சொல்கிறவளைக் கடவுள் கைவிடமாட்டார் என்று அந்தக் கவிதை முடிந்தது. கைப்பிடிகள் தட்டின, கூரை அதிர்ந்தது.

தட்டல் ஓய்வதற்குள் ஒரு கத்தி மேசையில் ஆழமாகக் குத்தி நின்று ஆடியது. கைப்பிடியில் 17.

"இது பொய்" என்றாள் சின்னது. உடைந்த பல் தெரிந்தது. "ஏன்னு சொல்லவா?"

எட்டாம் நம்பர்க்காரி ஒரு மீன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சொல்லு, பார்க்கலாம்."